ஓடு பறந்த அறையில் வளர்ந்த நாற்று

1

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியை இப்போது நாற்றுத் தட்டுகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிசம்பர் கடைசி வாரம். ஹூஸ்டனில் குளிர் என்று பெயர்தான், பெரும்பாலும் ஒரு ஸ்வெட்டர் போதும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், இந்தக் குளிருக்கா வீட்டுக்குள் விதை போடுகிறாய் என்று சிரிப்பார்கள்.

வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கடலூர் வெயில், கடலூர் புழுக்கம், கடலூர் கொசு எல்லாம் இங்கேயும் இருக்கிறது. அப்புறம் என்ன என்று மார்ச்சில் வெளியே மண்ணைக் கொத்தித் தக்காளி விதைத்தேன். செடி நன்றாகத்தான் வளர்ந்தது. பூக்கிற சமயத்தில் ஜூன் வெயில் வந்துவிட்டது. ஒரு பூ கூடப் பிஞ்சாகவில்லை, எல்லாம் உதிர்ந்தது. இரண்டு வருஷம் இப்படித் தோற்ற பிறகுதான் கணக்கு புரிந்தது. இங்கே குளிருக்குப் பயந்து மட்டும் உள்ளே விதைப்பதில்லை. வரப்போகிற வெயிலை முந்திக்கொள்ளத்தான் விதைக்கிறோம். டிசம்பரில் மேசைமேல் முளைத்து, மார்ச்சில் வெளியே போய், மே மாதத்துக்குள் காய்த்துவிட வேண்டும்.

இந்த வருஷம் விதைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். தட்டுகளை எடுக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டு என் மகள் ஜெனி கேட்டாள், "அப்பா, இந்த வருஷம் இல்லியா?" அவளுக்குப் பதின்மூன்று வயது. நான் செய்கிற எதையும் அவள் கவனிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காகத்தான் தட்டுகளை இறக்கினேன்.

வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. ஊரில் புயலடித்து வருகிற முப்பதாம் தேதியோடு ஒரு வருஷம்.

2

என் அக்கா லூர்துமேரியைக் கட்டிக்கொடுத்தது பண்ருட்டிக்கு அருகே அண்ணாகிராமத்துப் பக்கம். அவள் கணவர் செபஸ்தியான் மாமாவுக்கு மூன்று ஏக்கர் முந்திரி, வரப்பு ஓரமாகப் பதினோரு பலா. அவருக்குப் பேச்சு அதிகம் வராது. கல்யாணமான புதிதில் என்னோடு பேச வேண்டுமென்றால் தோப்புக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு மரத்தையும் காட்டுவார். "இது மூணு வருஷமா தூங்குது மச்சான். இது பாரு, போன வருஷம் ரொம்ப ஜாஸ்தி காய்ச்சிது, இந்த வருஷம் சும்மா நிக்கும்." அதுதான் அவர் பேச்சு.

நான் சிதம்பரத்தில் படித்துவிட்டு, கடலூரில் ஒரு கம்பெனியில் குழாய்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்து, 2004-இல் அதே வேலைக்காக இங்கே வந்தேன். வந்த சில மாதத்தில் கடல் பொங்கியது. அம்மா அப்போதே இல்லை. அப்பா மட்டும் கடலூரில் கடற்கரைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் தனியாக இருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தொலைக்காட்சியில் கடலூர் பெயரைப் பார்த்துவிட்டு ஒன்றரை நாள் போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. கிளம்பிப் போகவும் வழியில்லை. விசா நீட்டிப்புக்கு மனுப் போட்டிருந்தோம். இப்போது வெளியே போனால் திரும்பி வருவது கஷ்டம், என் மனைவி ஸ்டெல்லாவும் குழந்தை ஜெனியும் இங்கே மாட்டிக்கொள்வார்கள் என்றார் வக்கீல்.

இரண்டாம் நாள் மாமாவே கூப்பிட்டார். "உங்க அப்பாவ இங்க கொண்டாந்துட்டேன். கால்ல அடி, வேற ஒண்ணும் இல்ல. நீ வேலைய பாரு."

செய்தி கேட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தண்ணீர் வடிந்த தெருவில் வண்டியை விட்டுவிட்டு நடந்து, தெரு முனையிலிருந்த பள்ளிக்கூடத்து மாடியில் அப்பாவைக் கண்டுபிடித்து, முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். இதையெல்லாம் அக்காதான் பிறகு சொன்னாள். அப்பா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர்கள் வீட்டில், அந்தத் தோப்பு நிழலில் இருந்து இறந்தார். அடக்கத்துக்கு மறுநாள்தான் என்னால் போய்ச் சேர முடிந்தது. மகன் செய்ய வேண்டியதையெல்லாம் மாமா செய்து முடித்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை.

3

போன வருஷம் டிசம்பர் முப்பது, ஊரில் விடிகாலையில் புயல் அடித்தது. அக்காவோடு பேச ஆறு நாள் ஆனது. பண்ருட்டியில் ஒரு கடையில் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள், அங்கே வரிசையில் நின்று போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு பேசினாள்.

"மரம் நிக்கல தம்பி. ஒண்ணுகூட நிக்கல."

"வீடு?"

"பின்னாடி ரூம்ல ஓடு பறந்துடிச்சி. அத விடு. மாமாதான் பேச மாட்டேங்குறாரு."

"அவரு எப்பவும் அப்படித்தானக்கா."

"இல்ல தம்பி. இது வேற. அன்னிக்கி காத்து நின்னதும் தோப்புக்குப் போனாரு. திரும்பி வந்து கட்டில்ல படுத்தாரு. ஆறு நாளா கொல்லைக்குப் போறதோட சரி. இந்தப் பக்கம் ரெண்டு பேரு மருந்து குடிச்சிட்டாங்கன்னு பேசிக்குறாங்க. நான் வீட்டுல இருந்த பூச்சிமருந்த எடுத்து பக்கத்து வீட்டுல குடுத்து வெச்சிருக்கேன்."

கடைசி வாக்கியத்தை அரிசி பருப்பைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். மறுநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். நான்கு வாரம் கிடைத்தது. ஜெனிக்குப் பள்ளி, ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரி வேலை, அதனால் நான் மட்டும் கிளம்பினேன்.

4

காணும் பொங்கலுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தேன். அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் மரம் அடர்ந்து வீடுகள் கண்ணில் படாது. இப்போது தொலைவிலிருந்தே அக்கா வீடு தெரிந்தது. அது அவள் வீடுதான் என்று புரியாமல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மாமா முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வா மச்சான்" என்றார். எழுந்திருக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விமானம், வழி, ஜெனி படிப்பு என்று ஏதேதோ சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்புடு" என்றார். அவ்வளவுதான்.

தோப்பில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பலா மரங்கள் நடுவில் முறிந்திருந்தன. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வருகிறவரை மரத்தை நகர்த்தக் கூடாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதனால் எல்லோர் தோப்பிலும் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. பட்டா மாமாவின் அப்பா பெயரில் இருந்தது. அதற்கு ஒரு சான்று, அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று என்று முதல் நான்கு நாள் நான் காகிதத்தோடு அலைந்தேன். எனக்கு அதுவாவது செய்ய ஒரு வேலையாக இருந்தது.

ஐந்தாம் நாள் அக்கா சொன்னாள். "தோப்பு ஓரமா கால் ஏக்கரு காலியா கெடக்குது. கத்திரியும் மொளகாவும் போட்டா கொஞ்ச நாளைக்கு ஒப்பேத்தலாம். ஆனா நாத்து எங்க வுடுறது? எப்பவும் பலா மரத்து அடியிலதான் வுடுவோம். இப்ப நெழலே இல்ல. ஆடு மாடெல்லாம் வேலி இல்லாம சுத்துது."

"வீட்டுக்குள்ளயே வுடலாம்க்கா" என்றேன்.

"வீட்டுக்குள்ளயா?"

நான் ஹூஸ்டனில் செய்வதைச் சொன்னேன். பின்னறையில் ஓடு பறந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார்கள். அதன் வழியாகப் பகல் முழுக்க வெளிச்சம் இறங்கியது, கதகதப்பாகவும் இருந்தது. இங்கே ட்யூப் லைட் போட்டு நான் செயற்கையாகச் செய்கிறது அங்கே தானாகவே அமைந்திருந்தது.

அக்கா அந்த அறையைப் பார்த்தாள். முன்னறைக் கட்டிலைப் பார்த்தாள். "செய்வோம். அவருதான் வெளியே போக மாட்டேங்குறாரு. தோட்டம் உள்ள வந்தா என்னா பண்றாருன்னு பாப்போம்" என்றாள். எனக்கு அந்த யோசனை வந்திருக்கவில்லை. நான் நாற்றைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

பண்ருட்டியில் விசாரித்த கடைகளில் குழித்தட்டு கிடைக்கவில்லை. புயல் அந்த அளவுக்கு அடிக்காத சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விதைக் கடை. கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்ததும் என் வாயில் வந்தது, "எக்பிளாண்ட் விதை இருக்குங்களா?"

"அது என்னா செடிங்க?"

சட்டென்று தமிழ்ப் பெயர் வரவில்லை. கையால் காயின் உருவத்தைக் காட்டினேன். பிறகு ஞாபகம் வந்தது. "கத்திரி. கத்திரி விதை."

"எந்த ஊரு நீங்க?"

"கடலூர்தாங்க."

"கடலூர்ல கத்திரிக்காய்க்கு இப்ப அதான் பேரா" என்றார் அவர், சிரிக்காமல். ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் 'பிரிஞ்சால்' என்று நான் கேட்டது யாருக்கும் புரியாமல், ஐந்து வயது ஜெனி 'எக்பிளாண்ட்' என்று என்னைத் திருத்தியிருக்கிறாள். எட்டு வருஷத்தில் அதே காயை இரண்டு ஊரிலும் தப்பாகச் சொல்கிற ஆளாக ஆகியிருக்கிறேன். நான்கு வருஷம் படித்த ஊர் அது. பத்துத் தட்டும் குழிகளை நிரப்பத் தென்னை நார்க்கழிவு மூட்டையும் விதைப் பொட்டலங்களும் வாங்கிக்கொண்டு, வேறு எதையும் பார்க்காமல் திரும்பினேன்.

5

அக்காவும் நானும் பின்னறையில் தரையில் உட்கார்ந்து குழிக்கு ஒரு விதை என்று போட்டோம். மாமா இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போனார், எங்களைப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் கத்திரி முளைத்தது. மிளகாய்க்கு இன்னும் நான்கு நாள் ஆனது. அக்கா கட்டிலருகே போய், "மொளச்சிடிச்சி, வந்து பாருங்களேன்" என்றாள். அவர் "ம்" என்றார். வரவில்லை. அன்று சாயங்காலம் அக்கா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா கூப்பிட்டாள். ஜெனியும் கூட இருந்தாள். மாமாவிடம் பேசு என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலில் வைத்தேன். ஜெனியின் தமிழ் எனக்குத் தெரியும். நான்கு வாக்கியம் பேசுவாள், ஐந்தாவதுக்கு ஆங்கிலம் வந்துவிடும். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "மாமா, உங்க மரங்க எல்லாம் செத்துட்டாங்களா?"

நான் திருத்த வாயைத் திறந்தேன். மரத்துக்கு அப்படிச் சொல்லக் கூடாது, 'போச்சா' என்று கேட்க வேண்டும் என்று. அதற்குள் மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆமாம்மா" என்றார். "எல்லாரும் செத்துட்டாங்க."

"ஸாரி மாமா."

"முப்பது வருஷம் கூட இருந்தாங்கம்மா. ஒருத்தர்கூட மிஞ்சல."

அவர் அழுதார். அந்தப் பக்கம் ஜெனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; வைக்காமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அவள் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. அன்று நாங்கள் யாரும் கோயிலுக்குப் போகவில்லை.

புயலடித்த நாளிலிருந்து நாங்களெல்லாம் அவரிடம் 'மரம் போனா போகுது, உயிரு மிஞ்சிச்சே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். போனது உயிர்கள்தான் என்று அவரிடம் சொன்னவள், தமிழில் அஃறிணை மறந்துபோன ஒரு பெண்.

மறுநாள் நான் எழுந்தபோது பின்னறையில் மாமா குந்தியிருந்தார். நாற்றெல்லாம் ஷீட் பக்கமாகவே சாய்ந்து வளர்ந்திருந்தது. அவர் ஒவ்வொரு தட்டாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "தண்டு நீளமா போவுது மச்சான். வெயில் பத்தல" என்றார்.

"இங்க அப்படித்தான் மாமா வரும். அப்புறம் சரியாயிடும்" என்றேன்.

ஐந்தாறு வருஷமாக நாற்று வளர்க்கிறவன், அவ்வளவுதான் சொன்னேன்.

6

நான் கிளம்பும்போது நாற்றுக்குப் பதினெட்டு நாள். இன்னும் பத்து நாளில் நடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா ஒரு துணி முடிச்சைக் கையில் வைத்தாள். புயலுக்கு முந்தின வருஷத்து மிளகாய், அப்பா கொல்லையில் போட்டுப் பறித்துக்கொண்டிருந்த அதே ரகம், அதன் விதை. "அங்க உன் மேசையில போடு" என்றாள். விதை கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

ஹூஸ்டனில் இறங்கியதும் தருகிற படிவத்தில், விதை இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. இருக்கிறது என்று குறித்தேன். அங்கே நின்ற அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இதற்கு உங்கள் நாட்டிலிருந்து சான்று வேண்டும், இல்லையென்றால் அனுமதிக்க முடியாது என்றார். முடிச்சை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே ஒரு தொட்டியில் போட்டார். துணி மட்டும் வேண்டும் என்று கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் அதை எப்படிக் கேட்டாலும் பைத்தியக்காரத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் அக்கா போனில் கேட்டாள், "வெதைய போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

அடுத்த வாரம், "மொளச்சிதா?"

"மொளச்சிருக்கு."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அப்பாவின் விதையைக் குப்பைத் தொட்டியில் போட விட்டுவிட்டு வந்தேன் என்று அந்த வீட்டுக்கு எப்படிச் சொல்வது? நான் கேட்டபோது அவளும் சொன்னாள், "நாத்து நட்டாச்சி தம்பி. நல்லா நிக்குது." பிறகு பூவெடுத்திருக்கிறது என்றாள். காய்த்திருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அலுவலகத்தில் ஒருவரிடம், புயலில் எல்லாம் போன என் அக்காவுக்கு நான்தான் நாற்று வளர்க்கக் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

7

போன மாதம் ஒரு நாள் மாமா போனை எடுத்தார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். கத்திரி இன்னும் காய்க்கிறதா என்று கேட்டேன்.

"எந்தக் கத்திரி?"

"நாம உள்ள வளத்தோமே மாமா."

"அது அப்பவே போயிடிச்சி மச்சான். நட்ட ரெண்டாவது நாளே. நெழல்லயே வளந்த புள்ளைங்கள நேரா வெயில்ல நிறுத்திட்டோம். தொவண்டு படுத்துடிச்சி. உங்க அக்கா வரப்புல உக்காந்து அழுதா."

உள்ளே வளர்ந்த நாற்றை வெளியே நடுவதற்கு முன், ஒரு வாரமாவது தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து எடுத்துப் பழக்க வேண்டும். வருஷா வருஷம் நான் செய்வதுதான். காலையில் வாசலில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். கைப்பழக்கமாகப் போனதால் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்தக் கட்டம் வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது.

"அப்புறம் என்ன செஞ்சீங்க மாமா?"

"அவ அழுவுறத பாத்துட்டு வெட்டுக்கத்திய எடுத்துக்கிட்டு போனேன். கணக்கெடுத்துட்டுப் போயிருந்தாங்க. கெடந்த கெளைய வெட்டி பந்தல் போட்டேன். அதுக்கு அடியில மேட்டுப்பாத்தி பிரிச்சி திரும்ப வெதச்சேன். கொஞ்சம் காச்சிது. முந்திரிக் கண்ணும் வெச்சிருக்கேன். அது காய்க்க நாலஞ்சு வருஷம் ஆவும். பலாவும் வெச்சிருக்கேன், அது நிமிர்ந்து நிக்கும்போது நான் இருக்க மாட்டேன்."

"அக்கா ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, நம்மளாலதான் வீணாப்போச்சின்னு நீ சங்கடப்படுவியாம். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டியாம். என்னையும் சொல்லக் கூடாதுன்னுட்டா. இப்ப நான் சொல்லிட்டேன்."

அப்போதுதான் அவரிடம் விதை முடிச்சைப் பற்றிச் சொன்னேன். விமான நிலையத்தில் நடந்தது, அதன் பிறகு பத்து மாதமாக நான் சொல்லிவந்தது எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டார். "இத நீயே அவகிட்ட சொல்லு. இதோ வந்துட்டா" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"சொல்லு தம்பி" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் ஈரத் தலையைத் துவட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படிக்கா தெரியும்?"

"மொளச்சிருந்தா நீ போட்டோ அனுப்பியிருப்ப."

"தெரிஞ்சா அப்புறம் ஏன் வாராவாரம், எவ்ளோ ஒசரம், எத்தன காயின்னு கேட்டுக்கிட்டே இருந்த?"

"வேற என்னாத்த கேக்குறது தம்பி, உன்கிட்ட?"

அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டேன். காலையிலிருந்து பெய்கிறது என்றாள்.